ஜூடோ கறுப்புப் பட்டிக்கு ஜியு-ஜிட்சுவில் எந்தப் பட்டி?

கேள்வி: எனக்கு 27 வயது, கொக்குவில். பதினொரு வருடமாக ஜூடோ, கறுப்புப் பட்டி. பாடசாலைக் காலத்தில் மல்யுத்தமும் செய்தேன். ஏழு மாதமாக, மாதத்தில் ஒருமுறை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழகுகிறேன். மற்ற நாட்களில் கராத்தே கறுப்புப் பட்டியான நண்பனோடு இங்கேயே மெத்தை விரித்துப் பயிற்சி. இருவரும் இன்னும் வெள்ளைப் பட்டிதான். அடுத்த போட்டியில் வெள்ளைப் பட்டிப் பிரிவில் இறங்கலாமா? என் அனுபவத்துக்குப் பட்டி விரைவாகக் கிடைக்குமா?

பதில்: தம்பி, நண்பர் தாராளமாக இறங்கலாம். நீங்கள் இறங்க வேண்டாம்.

வெள்ளைப் பட்டிப் பிரிவு என்பது பிடிச்சண்டையே தெரியாமல் வந்து ஆறு மாதம், ஒரு வருடம் பழகியவர்களுக்கானது. அவர்களில் பலருக்கு விழுவதே இன்னும் பயம். பதினொரு வருடம் ஆட்களைத் தூக்கிப் போட்ட கை உங்களுடையது. அப்படி ஒருவரை அங்கே நிறுத்தினால் எதிராளிக்குக் காயம் வரலாம், உங்களுக்கோ ஒரு பாடமும் கிடைக்காது. ஜூடோ கறுப்புப் பட்டி உள்ளவர்களும் மல்யுத்தத்தில் தேர்ந்தவர்களும் வெள்ளைப் பட்டியில் பதியக் கூடாது என்று பல போட்டிகளின் விதியிலேயே இருக்கிறது. விதி இல்லாத போட்டியிலும், உங்கள் ஜூடோவை மறைத்துப் பதிவது சரியில்லை.

ஆனால் கீ எனும் தடித்த பயிற்சி அங்கி உடுத்து ஆடும் போட்டியில் நீங்களாக நீலப் பட்டியில் பதிய முடியாது. பட்டியைத் தருவது ஆசிரியர். ஆகவே போட்டிக்கு முன்பே அவரிடம் உங்கள் ஜூடோ, மல்யுத்த விபரம் முழுவதையும் சொல்லுங்கள். வெள்ளையிலிருந்து நீலத்துக்குப் போக, பெரியவர்களுக்குச் சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பின் விதியில் குறைந்தபட்சக் காலம் எதுவும் இல்லை. நீலத்துக்கு வந்த பிறகுதான் கணக்குத் தொடங்குகிறது: நீலத்தில் 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, மண்ணிறத்தில் 1 ஆண்டு. அப்புறம்தான் கறுப்பு. இவை குறைந்தபட்சம் மட்டுமே, பெரும்பாலானோருக்குப் பத்து வருடம் அளவில் ஆகிறது. கீ இல்லாத போட்டி என்றால் பல இடங்களில் பட்டியைப் பார்க்காமல் அனுபவ ஆண்டுகளை வைத்துப் பிரிப்பார்கள். அங்கே ஜூடோ ஆண்டுகளையும் சேர்த்து எண்ணி, தொடக்கநிலைக்கு மேலே பதியுங்கள்.

விரைவாகக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஜூடோ வீரர் டிராவிஸ் ஸ்டீவன்ஸ் 2013இல், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயிற்சியில் ஜியு-ஜிட்சு கறுப்புப் பட்டி வாங்கினார். ஆனால் அதற்கு முன்பே இரண்டு ஒலிம்பிக்கில் ஆடியவர் அவர், 2016 ரியோவில் 81 கிலோ பிரிவில் வெள்ளிப் பதக்கமும் எடுத்தார். முழுநேரமும் மெத்தையிலேயே வாழ்ந்த மனிதரின் ஒன்றரை ஆண்டை, மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிறவரின் ஒன்றரை ஆண்டோடு ஒப்பிடாதீர்கள். உங்களுக்கு நீலம் சீக்கிரம் வரும். ஊதாவுக்கு நீங்கள் மற்றவர்களைப் போலவே உழைக்க வேண்டியிருக்கும். காரணம் சொல்கிறேன்.

இந்தக் கலை ஜூடோவின் வயிற்றில் பிறந்ததுதான். ஜூடோவின் தலைமைப் பயிற்சிக்கூடமான கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பம்தான் இந்தக் கலையை வளர்த்தது. 1951இல் ஜூடோ மேதை கிமுரா ரியோவில் கார்லோஸின் தம்பி எலியோ கிரேசியின் கையை முறித்து வென்ற பிடிக்குத்தான் இன்றும் ஜியு-ஜிட்சுக்காரர் கிமுரா என்றே பெயர் சொல்கிறார்கள். உறவு அவ்வளவு நெருக்கம். ஆனால் இரண்டின் விதிகளும் வெவ்வேறு, விதிதான் உடம்புக்குப் பழக்கத்தைக் கொடுக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானும் ஜூடோவிலிருந்து வந்தவன். முதல் நாள், அறுபது கிலோ கூட இல்லாத ஒரு நீலப் பட்டிப் பையனைத் தோளுக்கு மேலால் வடிவாக எறிந்தேன். ஜூடோவில் அதோடு ஆட்டம் முடிந்திருக்கும். இங்கே அவன் விழுந்த இடத்திலிருந்தே என் இடுப்பைக் கால்களால் பூட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் நான் கீழே. கீழே போனதும் என் உடம்பு தானாகக் குப்புறத் திரும்பி, முழங்கையை ஒடுக்கி, கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. நடுவர் 'மத்தே' (நிறுத்து) சொல்லி எழுப்பும் வரை அப்படியே கிடப்பதுதானே நமக்குப் பழக்கம். யாரும் சொல்லவில்லை. அவன் இரண்டு குதிகாலும் என் தொடையின் உட்புறத்தில் கொக்கி மாதிரி மாட்டின. ஒரு கை என் கழுத்துப்பட்டையைத் தேடி, நாடிக்குக் கீழே விரல் விரலாக உள்ளே வந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினேன். அதே ஐந்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு முறை, அதே மாதிரி.

ஜூடோவில் என்னைக் காப்பாற்றிய அந்தப் பழக்கத்துக்கு இங்கே விலை 4 புள்ளி, பெரும்பாலும் கழுத்து நெரிப்பும் கூட. மல்யுத்தத்தில் முதுகு மெத்தையில் பட்டால் தோல்வி என்பதால் அங்கிருந்து வருகிறவர்களுக்கும் இதே சிக்கல். உங்களுக்கு இரண்டு பயிற்சியும் இருக்கிறது, எனவே இந்தப் பழக்கம் இரட்டிப்பாக ஊறியிருக்கும்.

புள்ளிகளைப் பாருங்கள். எறிந்தால் 2. கீழே இருந்து எதிராளியைப் புரட்டி மேலே வந்தாலும் 2. கீழே இருப்பவன் கால்களால் போடும் காவலைத் தாண்டினால் 3. மார்பில் ஏறி உட்கார்ந்தால் 4, முதுகைப் பிடித்தால் 4. நிலையை மூன்று விநாடி நிறுத்தினால்தான் இவை கிடைக்கும். ஜூடோவில் 20 விநாடி அமுக்கிப் பிடித்தால் வெற்றி. இங்கே பக்கவாட்டில் எத்தனை நிமிடம் அமுக்கினாலும் அதற்கென்று புள்ளி இல்லை. ஆனால் அந்த அமுக்கும் பாரம் வீண் போகாது. கீழே கிடப்பவனின் மூச்சை வாங்கி அவனைப் பிழை விடவைக்கும். உங்களிடம் உள்ள பெரிய சொத்து அதுதான் என்பது என் எண்ணம், எறிதல் கூட இரண்டாவதுதான்.

எறிவதிலும் தெரிவு வேண்டும். கழுத்தைச் சுற்றிப் பிடித்து எறிந்தால் விழுந்தபின் உங்கள் முதுகு எதிராளி பக்கம் போய்விடுகிறது. முழங்காலில் இறங்கித் தோளால் எறியும்போது தவறினால் முதுகைக் கையில் கொடுத்த மாதிரி. காலை வாரும் எறிதல்கள் பாதுகாப்பு. சர்வதேச ஜூடோவில் 2010 முதல் கட்டுப்படுத்தப்பட்ட, காலைக் கையால் பிடித்து வீழ்த்தும் முறை இங்கே அனுமதி. பாடசாலை மல்யுத்தம் அப்போது கைகொடுக்கும். தலையை மட்டும் வெளியே தொங்கவிடாதீர்கள், கழுத்தைப் பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜூடோவில் மூட்டுப்பிடி முழங்கைக்கு மட்டும்தான். இங்கே கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு எல்லாம் பட்டிக்குப் பட்டி திறக்கும். குதிகால் திருப்பும் பிடியில் வலி தெரியும் முன்பே முழங்காலின் தசைநார் அறுந்துவிடலாம். கூட்டமைப்பின் விதியில் கீ ஆட்டத்தில் அது யாருக்கும் இல்லை. கீ இல்லாத ஆட்டத்தில் மண்ணிறம், கறுப்புக்கு மட்டும். ஆனால் பயிற்சியில் யாராவது செய்து பார்ப்பார்கள். கால் சிக்கியது என்று தெரிந்தவுடனே தட்டுங்கள்.

நண்பரின் கராத்தே அவருக்குத் தூரக் கணக்கும், நெருக்கடியில் பதறாத மனமும் தரும். நிலத்தில் அவர் புதியவர்தான், வெள்ளைப் பட்டி அவருக்கு நியாயமான இடம்.

எடையையும் கவனியுங்கள். கூட்டமைப்பின் போட்டிகளில் கீ உடுத்தபடியே, ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் நிறுப்பார்கள். ஜூடோவைப் போல முதல் நாள் நிறுத்துவிட்டு இரவில் தண்ணீர் குடித்துத் தேற வழியில்லை. நீங்கள் 73 கிலோ என்றால் கீயோடு 75 வரும். 76 கிலோப் பிரிவில் பட்டினி இல்லாமல் நிற்கலாம்.

இனி யாழ்ப்பாணத்துப் பயிற்சி. இரண்டு பேருக்கு ஒரு மெத்தை போதும். அடுத்த இரண்டு மாதத்துக்கு நின்றபடி தொடங்காதீர்கள். மல்லாந்து படுங்கள், நண்பர் பக்கவாட்டில் அமுக்கட்டும். மூன்று நிமிடம், ஒரே கட்டுப்பாடு: குப்புறத் திரும்பக் கூடாது. நண்பரின் பக்கமாகத் திரும்பி, இடுப்பைப் பின்னால் இழுத்து, முழங்காலை இடையில் நுழைத்துக் காவலை மீட்க வேண்டும். குப்புறத் திரும்பினால் அந்தச் சுற்றை நிறுத்தி முதலிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை திரும்புகிறீர்கள் என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒன்றுக்கு வந்ததும் கொழும்பில் ஊதாப் பட்டி ஒருவரோடு அதே நிலையில் தொடங்கிப் பாருங்கள்.