ஒரு பகுதி மக்களுக்கு டிஜிட்டல் வசதி எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்று எப்படி அளப்பது? மாவட்டச் சராசரி போதுமா?

போதாது. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கொவிட் முடிந்த பிறகு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), "வீட்டில ஸ்மார்ட்போன் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார் அந்த அக்கா. 'ஆம்' என்று குறித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சின்ன மகள்தான், "அது அண்ணங்கிட்ட இருக்கு, கொழும்புல. தீபாவளிக்குத்தான் வரும்" என்றாள். படிவத்தில் அதை எழுத இடமே இல்லை. கணக்கைப் பொறுத்தவரை அந்த வீட்டில் இருக்கும் ஐந்து பேருக்கும் போன் வசதி உண்டு!

அதனால் வீட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல் ஆளையும் கேட்க வேண்டும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் குறிகாட்டிகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன: வீட்டில் இணைய வசதி இருக்கிறதா என்பது ஒன்று, கடந்த 3 மாதத்தில் இந்த ஆள் இணையத்தைப் பயன்படுத்தினாரா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அம்மாவும் பாட்டியும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள்.

அடுத்து சராசரி. இலங்கையின் புள்ளிவிவரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளர்களாவது தங்கியிருக்கிற பெருந்தோட்டம்தான் தோட்டத் துறை. 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே வாழ்ந்தவர்கள் மொத்த மக்களில் 4.4 வீதம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற இரண்டு துறைகளிலும் 100 பேரில் 40 பேருக்கு ஒரு வசதி இருக்கிறது, தோட்டத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாட்டுச் சராசரி 40இலிருந்து 38க்குத்தான் இறங்கும். ஒரு முழுச் சமூகமும் வெளியே நிற்பது அந்த இரண்டு புள்ளிக்குள் மறைந்துவிடும். மாவட்டச் சராசரியிலும் இதே சிக்கல்தான். ஹட்டன் டவுனும் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் இருக்கும் பஸ் போகாத லயமும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும்.

சரி, தோட்டத்தைத் தனியாகப் பிரித்தால் முடிந்ததா என்றால், அங்கே எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். எழுமாறாகத் தெரிவுசெய்த 100 பேரிடம் கேட்டு 30 வீதம் வந்தால், உண்மை ஏறக்குறைய 21க்கும் 39க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அதை வைத்து பதுளைத் தோட்டங்கள் முன்னேறிவிட்டன, நுவரெலியா பின்தங்கிவிட்டது என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.

சிக்னல் விஷயத்திலும் அப்படித்தான். கம்பனிகளின் வரைபடத்தில் நிறம் பூசியிருக்கும். ஆனால் மலை மறைத்தால் அலை வராது, தகரக் கூரைக்குக் கீழே இன்னும் குறையும். ஒரு லயத்தில் போனை ஷொப்பிங் பேக்கில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஒரு சாண் இடத்தில்தான் இரண்டு கோடு வரும். கோல் வந்தால் ஸ்பீக்கரைப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பேசுவார்கள். எனவே வீட்டுக்குள்ளே, இரவு ஏழு மணிக்கு, பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் அளந்து பாருங்கள்.

பொதுக் கணினி நிலையங்களை எண்ணுவதும் தனியாகப் போதாது. நான் போன ஒரு நிலையத்தில் மூன்று கணினி, ஒன்றுதான் வேலை செய்தது. நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்து பெண்கள் இறங்கவே நாலரை ஆகும். பட்டியலில் அதுவும் ஒரு நிலையம்தான். திறந்திருக்கும் நேரம், ஓடுகிற கணினி, தமிழில் உதவ ஆள் இருக்கிறாரா, இந்த மூன்றையும் சேர்த்து எழுதாத எண்ணிக்கையால் எனக்குப் பிரயோசனமில்லை.

அப்புறம் நான் என் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: "கடைசியாக ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப என்ன செய்தீர்கள்? எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு?" அந்த அக்காவிடமே திரும்பப் போய்க் கேட்டேன். மகனின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக டவுனுக்கு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். கடைக்காரருக்கு 300 ரூபாய். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. கடவுச்சொல் எழுதிய துண்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததால், அடுத்த வாரம் இன்னொரு அரைப் பேர்.