மேடம் பதில்கள்: ஃப்ளாப்பியில் வந்த புது டெஸ்க்டாப்

போன இதழில் ஃப்ளாப்பி பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி விண்டோஸ் 3.1 காலத்துக் கேள்விகள்தான். ஆண்ட்ராய்டு கேள்வி கேட்டவர்கள் மன்னிக்கவும், அடுத்த இதழில் பார்க்கலாம்.

அப்பா நடத்திய டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டைக் காலி செய்தபோது ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி கிடைத்தது. ஒன்றின் மேல் 'டெஸ்க்டாப் ரீப்ளேஸ்மென்ட், ஷேர்வேர், வின் 3.1' என்று அப்பா கையெழுத்தில் இருக்கிறது. டெஸ்க்டாப்பை எதற்கு மாற்ற வேண்டும், மேடம்?
*ஒரு வாசகி, கும்பகோணம்*

உங்கள் அப்பா விவரமானவர். (ஷேர்வேர் என்றால் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் பணம் அனுப்பும் மென்பொருள், அதைப் பின்னால் பார்ப்போம்.) மாற்ற வேண்டிய அவசியம் நிறையவே இருந்தது.

1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தது, 1992 ஏப்ரலில் 3.1. இரண்டிலுமே இன்று நாம் டெஸ்க்டாப் என்று சொல்வது கிடையாது. பின்னணி வெறும் சுவர். அதன் மேல் எதையும் கொண்டுபோய் வைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைச் சுருக்கினால் மட்டும் கீழே ஒரு ஐகானாகப் போய் உட்காரும். மற்ற எல்லாவற்றுக்கும் ப்ரோகிராம் மேனேஜர் என்ற ஜன்னல்தான். அதற்குள் குட்டிக் குட்டி ஜன்னல்களாக 'குரூப்'கள், குரூப்புக்குள் ஐகான்கள். குரூப்புக்குள் இன்னொரு குரூப் வைக்க முடியாது. ஒரு குரூப்பில் 50 ஐகானுக்கு மேல் கூடாது, மொத்தம் 40 குரூப்புக்கு மேல் கூடாது.

நான் 1993இல் திருச்சியில் ஒரு மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கச் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். ஆறு கம்ப்யூட்டரில் இரண்டில்தான் விண்டோஸ், அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே மவுஸ். வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்: "மேடம், ஐகானை அழிச்சா ஃபைலும் போயிடுமா?" போகாது. ஐகான் என்பது ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஃபைல் எங்கேயோ வேறு இடத்தில் இருக்கும். அதைப் பார்க்க ஃபைல் மேனேஜர் என்ற வேறொரு புரோகிராமுக்குப் போக வேண்டும். அங்கே ஃபைலை அழித்தால் இங்கே ஐகான் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கும், க்ளிக் செய்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மருமகள்கள் மாதிரி. இந்த இருவரையும் சேர்த்துவைக்க வந்தவைதான் டெஸ்க்டாப் ரீப்ளேஸ்மென்ட்கள்.

என்னிடம் ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. விண்டோஸையே தொடாமல் அதன் முகத்தை மட்டும் எப்படி மாற்றினார்கள்?
*ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், விருதுநகர்*

386 ஓடுகிறதா? முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு, ஐயா.

விண்டோஸ் டைரக்டரியில் சிஸ்டம்.ஐஎன்ஐ என்று ஒரு ஃபைல் இருக்கும். வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறக்கலாம். அதில் பூட் என்ற பகுதியில் 'ஷெல்=ப்ராக்மேன்.இஎக்ஸ்இ' என்று ஒரு வரி. ப்ரோகிராம் மேனேஜர் விண்டோஸின் பிரிக்க முடியாத அங்கம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். இல்லை. அந்த வரியில் எந்தப் புரோகிராமின் பெயர் இருக்கிறதோ அதை விண்டோஸ் முதலில் கூப்பிடும், அதை மூடினால் தானும் மூடிக்கொள்ளும். ஷேர்வேர் எழுதியவர்கள் பிழைத்தது இந்த ஒரு வரியால்தான். உங்கள் சரக்கின் பெயரை அங்கே எழுதிவிட்டால் விண்டோஸுக்கு நீங்கள்தான் வாசல்.

எங்கள் சென்டரில் ஒரு பையன் அந்த இடத்தில் 'சால்.இஎக்ஸ்இ' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அது சீட்டுக்கட்டு விளையாட்டு, சாலிட்டேர். மறுநாள் காலையில் முதலாளி வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். விண்டோஸ் வந்தது, சீட்டு வந்தது, வேறு எதுவும் வரவில்லை. சீட்டை மூடினார், விண்டோஸும் மூடிக்கொண்டது. மறுபடி போட்டார், மறுபடி சீட்டு. மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டபோது அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நீங்கள் மாற்றிப் பார்ப்பதாக இருந்தால் முதலில் சிஸ்டம்.ஐஎன்ஐயை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் விண்டோஸ் உள்ளே போகாது. நானே ஒருமுறை தப்பாக அடித்து, எதிரே பன்னிரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, விண்டோஸுக்கு அடியில் ஓடும் டாஸின் கறுப்புத் திரைக்குத் திரும்பியிருக்கிறேன். பதற வேண்டாம். டாஸ் 5 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எடிட் என்ற கட்டளையில் அந்த ஃபைலைத் திறந்து பழைய வரியைத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும்.

இந்த டெஸ்க்டாப் ரீப்ளேஸ்மென்ட் தொகுப்புகளில் அப்படி என்னதான் இருந்தது? நார்ட்டன் டெஸ்க்டாப் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இதுதானா?
*பொறியியல் மாணவர், கோவை*

நார்ட்டன் டெஸ்க்டாப் இதில் பெரிய வீட்டுப் பிள்ளை. 1991இல் சைமன்டெக் கொண்டுவந்தது. திரையின் இடது ஓரத்தில் டிரைவ் ஐகான்கள் வரிசையாக நிற்கும். ஒரு ஃபைலை இழுத்துப்போய் பிரிண்டர் ஐகான் மேல் போட்டால் அச்சாகும். குரூப்புக்குள் குரூப் உண்டு. தேடுவதற்கு ஒன்று, அழித்ததை மீட்க ஒன்று, ஃபைலை மீட்கவே முடியாதபடி அழிக்க ஒன்று, ஸ்க்ரீன் சேவர், நேரம் குறித்து வேலையை ஓட்டும் ஷெட்யூலர் என்று கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஆனால் விலை நூறு டாலருக்கு மேல். 1993க்குப் பிறகு சில வருடம் டாலர் 31 ரூபாய் என்று நின்றது, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அது அடங்காது.

ஷேர்வேர் ஆட்கள் இதே சாப்பாட்டை மெஸ் விலையில் போட்டார்கள். இருபது, முப்பது டாலர், சிலது கொஞ்சம் கூட. அவரவர் வழியும் வேறு. சியாட்டிலில் வில்சன் விண்டோவேர் என்று ஒரு சின்ன நிறுவனம். அவர்களுடைய கமாண்ட் போஸ்ட் படங்களை நம்பவில்லை. ஃபைல் பெயர்ப் பட்டியல், மேலே மெனு. அந்த மெனுவை நாமே ஓர் எழுத்து ஃபைலில் எழுதிக்கொள்ளலாம். எந்த மெனுவை அமுக்கினால் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலோடு திறக்க வேண்டும் என்பதெல்லாம் நம் இஷ்டம். அந்தச் சின்ன மொழிதான் பிறகு வின்பேட்ச் ஆக வளர்ந்தது. ப்ளக்-இன் என்று இன்னொன்று, இது ப்ரோகிராம் மேனேஜரைத் துரத்தாமல் அதன் தோளிலேயே ஏறிக்கொண்டு, குரூப்புக்குள் குரூப், மீதி மெமரி எவ்வளவு என்ற கணக்கு, கூடுதல் மெனுக்கள் என்று சேர்த்துவிடும். மெட்ஸ் டாஸ்க் மேனேஜர், கன்ட்ரோல்-எஸ்கேப் அமுக்கினால் வரும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் மொட்டைப் பட்டியலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது மெனு வகைதான். மவுஸ் ஒன்றே இருந்த இடத்தில் கீபோர்டில் ஓடும் சரக்குக்குத்தானே மதிப்பு.

சரி, ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நாலு எம்பி ராம் வைத்திருப்பவர் இவற்றை ஏற்றியதும் 'மெமரி போதவில்லை' என்று வரும். இன்னும் நாலு எம்பி வாங்கிப் போட்டாலும் அதே செய்திதான். ஏன்? விண்டோஸ் தன் ஜன்னல், பொத்தான், பேனா, தூரிகைக் கணக்கெல்லாம் எழுதிவைக்க யூசர், ஜிடிஐ என்று இரண்டு குறிப்பேடு வைத்திருந்தது. முக்கியமான பகுதி ஒவ்வொன்றும் 64 கேபிதான். பெட்டியில் எத்தனை எம்பி ராம் இருந்தாலும் அந்த நோட்டில் பக்கம் அதிகமாகாது. அழகான டெஸ்க்டாப் என்றால் ஐகானும் ஜன்னலும் அதிகம், நோட்டு சீக்கிரம் நிரம்பும். ப்ரோகிராம் மேனேஜரில் ஹெல்ப், அபவுட் போனால் 'சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று ஒரு சதவீதம் காட்டுமே, அது இந்த நோட்டில் மீதியுள்ள இடம்தான். அதனால்தான் பல தொகுப்புகளில் அந்தச் சதவீதத்தைக் காட்டும் ஒரு குட்டி மீட்டர் இருந்தது. அந்த மீட்டரும் அதே நோட்டில்தான் இடம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம் விபிரன்300.டிஎல்எல் என்ற ஃபைல். விஷுவல் பேசிக் என்ற புரோகிராம் மொழியில் எழுதிய ஷேர்வேர் ஓட இது தேவை. சுமார் 400 கேபி. பல பேர் ஃப்ளாப்பியில் இடம் போதாமல் இதை விட்டுவிட்டுக் காப்பி செய்து தருவார்கள். வீட்டுக்குப் போய் ஓட்டினால் ஓடாது. மறுபடி பஸ் ஏறி வர வேண்டும்.

ஷேர்வேர் என்றால் இலவசம்தானே?
*வாசகர், தஞ்சாவூர்*

இல்லை. ஓட்டிப் பாருங்கள், நண்பருக்கும் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்பதுதான் ஒப்பந்தம். 1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் தன் பிசி-டாக் புரோகிராமை இப்படி விட்டார். அதே சமயம் ஜிம் நாஃப் என்பவர் பிசி-ஃபைலை. இருவரும் கேட்டது 25 டாலர். ஃப்ளூகல்மன் 'ஃப்ரீவேர்' என்ற சொல்லைத் தன் வணிகப் பெயராகப் பதிந்து வைத்துக்கொண்டதால் மற்றவர்களுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. பிசி-ரைட் எழுதிய பாப் வாலஸ் 'ஷேர்வேர்' என்றார், அதுவே நிலைத்தது.

நீங்கள் பணம் கட்டினீர்களா, மேடம்?
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்மா.

ஒரு தடவை முயன்றேன். சுருக்கிக் கட்டிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் ரீட்மி என்ற குறிப்போடு ஆர்டர் ஃபாரம் ஒன்றும் வரும். அதை டாட் மேட்ரிக்ஸில் அச்செடுத்து, பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, பேங்குக்குப் போனேன். அமெரிக்காவுக்கு டாலரில் டிராஃப்ட் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்தவர். சாஃப்ட்வேர் என்றேன். பில் எங்கே என்றார். பில் இல்லை, ஏற்கெனவே என்னிடம் இருக்கும் பொருளுக்குப் பணம் கட்டப்போகிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இருக்கிற பொருளுக்கு எதுக்கும்மா பணம்?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாலு படிவம் கொடுத்தார். இரண்டை நிரப்பினேன். மூன்றாவதோடு மதியம் ஆகிவிட்டது, வகுப்புக்கு ஓடிவந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை.

போயிருக்கலாம். பேங்க் மேல் பழியைப் போட்டுக்கொண்டது வசதியாக இருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'இன்னும் பதிவு செய்யவில்லை' என்று ஒரு பெட்டி வரும், நான் ஓகே அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இரண்டு வருடம் அப்படித்தான் அமுக்கினேன்.

விண்டோஸ் 95 வந்ததும் இதெல்லாம் ஒழிந்துவிட்டதா?
*வாசகர், சேலம்*

ஏறக்குறைய. 1995 ஆகஸ்ட் 24க்குப் பிறகு டெஸ்க்டாப்பில் ஐகான், ஃபோல்டருக்குள் ஃபோல்டர், ஸ்டார்ட் பட்டன் எல்லாம் பெட்டியோடே வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்க வேண்டிய காரணம் போய்விட்டது. ஆனால் 95க்கு மாற வசதியில்லாத பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தனவே, அவற்றுக்குக் கல்மீரா என்று ஒன்று வந்தது. விண்டோஸ் 3.1ஐ 95 மாதிரியே காட்டும். லி-ஷின் ஹுவாங் எழுதியது. இலவசம், சோர்ஸ் கோடும் (புரோகிராமை எழுதிய மூல வரிகள்) கிடைத்தது.

ப்ரோகிராம் மேனேஜரும் லேசில் சாகவில்லை. எக்ஸ்பி வரைக்கும் உள்ளே ஒளிந்திருந்தது, அதன் இரண்டாவது சர்வீஸ் பேக்கில்தான் உயிரை எடுத்தார்கள். ஃபைல் மேனேஜரின் சோர்ஸ் கோடை மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்டது. இன்றைய விண்டோஸில் ஜன்னல்களின் உள்பெயரைக் காட்டும் கருவி ஒன்றைப் போட்டு டெஸ்க்டாப்பைச் சுட்டிப் பாருங்கள், 'ப்ராக்மேன்' என்றுதான் காட்டும்.

முதல் கேள்வி கேட்ட அதே வாசகி: அந்த ஃப்ளாப்பியை இப்போது ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும், அவசரப்படாதீர்கள். முதலில் ஃப்ளாப்பியின் உலோக மூடியைத் தள்ளி, உள்ளே தட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் பூஞ்சை. டிரைவில் போட்டால் ஃப்ளாப்பியும் போகும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகும். சுத்தமாக இருந்தால் மூலையில் உள்ள சின்னக் கட்டையைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள், அப்போது தவறியும் அதன் மேல் எழுத முடியாது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு ஃப்ளாப்பியைப் பத்திரப்படுத்துங்கள். இன்றைய 64 பிட் விண்டோஸில் இந்த 16 பிட் சரக்கு ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் விண்டோஸ் 3.1ஐ நிறுவி, அதில் ஓட்ட வேண்டும். 3.1இன் ஃப்ளாப்பிகளும் அப்பா டப்பாவிலேயே இருந்தாலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. ஃப்ளாப்பி உறையின் பின்பக்கமும் டப்பாவின் மூடியிலும் ஏதாவது எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டியவர்களுக்குப் பதிவு எண் தபாலில் வரும், அதை இப்படித்தான் எங்கேயாவது எழுதிவைப்போம் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் அப்பா எந்த பேங்குக்குப் போனார் என்று தெரிந்துகொள்ள ஆசை.