ஒரு குழந்தையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வது: கேள்வி பதில்

தர்மபுரி மாவட்ட மலையடிவாரக் கிராமங்களில் படிப்பு உதவித் திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். உறுப்பினர்களின் கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் விடையளிக்கிறேன்.

கோவை உறுப்பினர்: அரசுப் பள்ளியில் எல்லாம் இலவசம்தானே, நம் பணம் எதற்கு?

நல்ல கேள்வி. மதிய உணவு உண்டு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஆனால் எங்கள் பகுதியில் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது கட்டணம் அன்று. பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ மாதக்கணக்கில் வெளியூர் போகும்போது பிள்ளைகளும் மூட்டையோடு மூட்டையாகப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும், கூச்சத்தில் பள்ளிப் பக்கமே வருவதில்லை. ஆகவே நாங்கள் தரும் பணத்தின் பெரும்பகுதி, அந்த மாதங்களில் பிள்ளையை ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் அடுப்புச் செலவுக்கே போகிறது. நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவதைவிட இது பலன் தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூர் உறுப்பினர்: இங்கிருந்து அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமை இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டீர்களானால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க மத்திய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கின் வழியாகப் பெற முடியும்.

சேலம் உறுப்பினர்: குழந்தையின் புகைப்படத்தை முகநூலில் பகிரலாமா?

கூடாது.

மதுரை உறுப்பினர்: பணத்தைப் பொதுவில் சேர்க்கிறீர்களே, ஒரு முகம் தெரியாமல் யார் மாதாமாதம் பணம் தருவார்கள்? ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்பதே சரி.

ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்குப் புதுப் பையும் செருப்பும் வர, அடுத்த வீட்டுப் பிள்ளை வேலியோரம் நின்று பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

மதுரை உறுப்பினர் மீண்டும்: 2013இல் வந்த, பொருளாதார அறிஞர் புரூஸ் வைடிக் குழுவின் ஆய்வு தனிப் பிள்ளைக்குத் தந்த உதவியைத்தானே ஆராய்ந்தது?

உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இந்தியா உட்பட ஆறு நாடுகளில், பிள்ளைகளுக்கு உதவும் கம்பேஷன் என்ற பன்னாட்டு அமைப்பின் உதவி பெற்றவர்களை, வயது வரம்பால் அதைப் பெறாத உடன்பிறந்தவர்களோடும் ஒப்பிட்டபோது, உதவி பெற்றவர்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். தேர்ந்தெடுத்த பிள்ளைக்குப் பயன் உண்டு என்பதை அது காட்டுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மனத்தை அது அளக்கவில்லை. எங்கள் ஏற்பாட்டில் கடிதம் ஒரு பிள்ளைக்குப் போகும், பணம் பொதுவில் சேரும். இதில் எனக்கு முழு நிறைவு இல்லை. ஆனால் வேலியோரச் சண்டை குறைந்திருக்கிறது.

ஈரோடு உறுப்பினர்: பிறந்த நாளுக்கு உடையும் கைபேசியும் நேரில் கொண்டுபோய்த் தரலாமா? படம் எடுத்துக்கொள்ளலாமா?

படம் பற்றிச் சேலத்தாருக்குச் சொல்லிவிட்டேன், மேலே பாருங்கள். நேரில் தருவதும் வேண்டாம். முன்னறிவிப்பின்றி வரும் அன்பர்களால்தான் எங்களுக்குத் தலைவலி அதிகம்.

விழுப்புரம் உறுப்பினர்: அப்பா இல்லாத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். எங்கே தொடங்குவது?

உங்கள் பணத்தை எடுக்கும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு அந்தத் தாயோடு ஒரு நாள் அலையுங்கள். முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.