ஏரிக்கரைப் பாதைக்கு ஊர்ப்பணம்: வாசகர் கேள்வி–பதில்

பெங்களூருவின் ஏரிக்கரை நடைபாதைகளையும் மிதிவண்டிப் பாதைகளையும் அக்கம்பக்கத்தார் கூடிப் பராமரிப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நாங்கள் பன்னிரண்டு குடும்பத்தினர் தினமும் காலையில் வீட்டருகே உள்ள ஏரியைச் சுற்றி நடக்கிறோம். சென்ற மழையில் கரைப்பாதை பல இடங்களில் அரித்துப் போய்விட்டது. வசூல் செய்து நாங்களே சிமென்ட் பாதை போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, ராமமூர்த்தி நகர்

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஏரியும் அதன் கரையும் அரசின் நிலம்; அங்கே ஒரு கூடை ஜல்லி கொட்டுவதற்கும் அதன் பொறுப்பில் உள்ள துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். பழைய பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவை பெரு பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்துவிட்டதால், உங்கள் ஏரி இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் வார்டு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மனுவோடு, அரித்துப்போன இடங்களின் படங்களையும் எந்த இடம் எத்தனை அடி நீளம் என்ற கணக்கையும் இணைத்துக் கொடுத்தால், பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டிய தேவை தெளிவாகிவிடும்.

அனுமதி கிடைத்தாலும், பாதை போடுவதற்காக வசூல் செய்யாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. பாதை அமைப்பது நாம் வரி கட்டும் மாநகராட்சியின் கடமை. அந்தச் செலவை நாம் ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை உடைந்தாலும் நம்மையே கைகாட்டுவார்கள். ஊர்ப்பணம் எங்கே தேவைப்படுகிறது என்றால், பாதை போட்ட மறுநாளிலிருந்து தொடங்கும் அன்றாட வேலைகளில்தான்: பார்த்தீனியத்தைப் பிடுங்குவது, மழைநீர் வடியும் சிறு கால்வாயை அடைப்பின்றி வைத்திருப்பது, அரிப்புத் தொடங்கும் இடத்தில் உடனே செம்மண் போட்டு இடித்து இறுக்குவது, குப்பை அள்ளுவது, நட்ட கன்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது. டெண்டர் விட்டுச் செய்யும் பெரிய வேலைகளில் இவை அடங்குவதில்லை.

இதை நான் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி ஏரிக்கரையில் கல் இருக்கைகள் போடுவதற்காக வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினோம். நன்கொடையாளர் பெயர் பொறித்த இருக்கைகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு எதிரே இருந்த நடைபாதை இரண்டு மழைக்காலங்களில் கரைந்துபோய், முதியவர்கள் அந்த இருக்கைவரை நடந்து வர முடியாமல் போயிற்று. அந்தப் பணத்தில் ஒரு தோட்டப் பணியாளரை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜே.பி. நகரை ஒட்டிய புட்டேனஹள்ளி ஏரியைப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் 2010ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொண்டு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து, பொதுமக்களிடம் நன்கொடை பெற்று அந்தச் சிறிய ஏரியைப் பேணி வந்திருக்கிறார்கள். நிலம் அரசுடையதாகவே இருக்க, அன்றாடப் பராமரிப்பை மட்டும் மக்கள் ஏற்கும் இந்த முறையே உங்களுக்கும் பொருந்தும்.

உங்கள் பன்னிரண்டு குடும்பங்களால் மட்டும் இது முடியாது. நூற்றைம்பது வீடுகள் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் 15,000 ரூபாய் சேரும். அது ஒரு பணியாளரின் ஊதியத்தில் பெரும்பகுதியைத் தாங்கும். ஒருவர் ஒரே தடவையில் கொடுக்கும் இரண்டு லட்சத்தைவிட இந்த நூறு ரூபாய்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் மாதந்தோறும் கொடுப்பவர் பாதையை மாதந்தோறும் வந்து பார்க்கிறார். எங்கே குழி விழுந்திருக்கிறது என்று அவரே வந்து சொல்கிறார்.

எங்கள் குழுவில் ஒருவருடைய கைபேசி எண்ணுக்குத்தான் எல்லோரும் பணம் அனுப்பி வந்தோம். அவர் வேலை மாற்றலாகி புனே சென்றுவிட்டார். நேர்மையானவர்தான், ஆனாலும் கணக்குக் கேட்டதில் மனத்தாங்கல் ஏற்பட்டு, குழுவே கலைந்துவிடும்போல் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், ஜீவன்பீமா நகர்

கணக்குக் கேட்பது ஒருவரைச் சந்தேகிப்பதாகும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவை அமைத்ததைச் சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு நிற்கத் தகுதியற்றவர் என்று அதே கல்வெட்டு விதிக்கிறது. ஊர்ப்பொதுப் பொறுப்பை ஏற்பவர் யாராயிருந்தாலும் கணக்குக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பிறகு கேட்பவருக்கும் கூச்சமில்லை, சொல்பவருக்கும் அவமானமில்லை.

உங்கள் நண்பர் ஊர் மாறிவிட்டாலும், வங்கிக் கணக்கின் வரவு செலவுப் பட்டியலை அனுப்பச் சொல்லி, இருவர் உட்கார்ந்து தொகுத்து, எஞ்சிய தொகையைப் பெற்றுக்கொண்டு, அவருக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதம் அவர் நேர்மைக்குச் சான்றாக இருக்கும், மனத்தாங்கலும் குறையும். அதன்பின் குழுவை முறையாகப் பதிவு செய்யுங்கள். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு, யுபிஐ வழியாக வரும் பணமும் அந்தக் கணக்கிலேயே விழும்படி ஒரு க்யூஆர் அட்டை ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால், யார் மாற்றலாகிப் போனாலும் குழு நிற்கும். தனிநபர் கணக்கில் பொதுப்பணம் சேர்வது வருமான வரிக் கேள்விகளுக்கும் அவரை ஆளாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மாதக் கணக்கை வாட்ஸ்அப்பில் போடுவதோடு நிறுத்தாமல், ஏரியின் வாயிலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். இந்த மாதம் வந்தது இவ்வளவு, பணியாளர் ஊதியம் இவ்வளவு, செம்மண் இரண்டு லோடு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்ற நான்கு வரிகள் போதும். அதைப் படித்துவிட்டு நடக்கத் தொடங்குபவர்களிடம் தனியாகப் போய் நன்கொடை கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனும் நண்பர்களும் எங்கள் பாதைக்கு நன்கொடை தர விரும்புகிறார்கள். வரிச்சலுகை கிடைக்குமா?
— வாசகி, ஒயிட்ஃபீல்ட்

இதில் மிகுந்த கவனம் தேவை. உங்கள் மகன் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கடவுச்சீட்டின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அவர்களிடமிருந்து பணம் பெற, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் உங்கள் அமைப்பு பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். அந்தப் பணம் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஒரு தெருக்குழுவுக்கு இவ்வளவு சுமை தேவையில்லை. அந்த நண்பர்கள் ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து நிற்கட்டும். அதையே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

80ஜி என்று எல்லோரும் அறிந்த வரிச்சலுகை, வருமான வரித்துறையிடம் அதற்கான ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. சலுகையை எதிர்பார்த்துக் கொடுப்பவர்களை நம்பி ஆண்டுத் திட்டத்தை வகுக்க வேண்டாம்.

எங்கள் பகுதியில் மிதிவண்டிக்காரர்கள் ஒரு குழு, நடப்பவர்கள் ஒரு குழு. இருவரும் தனித்தனியே வசூல் செய்கிறார்கள்; ஒருவர் மேல் ஒருவருக்குக் குறை. சேர்ந்து செய்ய வழி உண்டா?
— வாசகர், ஜக்கூர்

உண்டு, சேர்ந்து செய்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மிதிவண்டி ஆர்வலர்கள் 1977இல் ஒரு சிறு குழுவாகத் தொடங்கி, கைவிடப்பட்ட ரயில் தடம் ஒன்றை பாத் நகரம்வரை, ஏறத்தாழ 21 கிலோமீட்டருக்கு, தன்னார்வலர்களின் உழைப்போடு பாதையாக மாற்றினார்கள். 1986இல் முழுமை பெற்ற அந்தப் பாதை தொடக்கத்திலிருந்தே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் பொதுவானது. அந்தக் குழுவிலிருந்து வளர்ந்த அறக்கட்டளைதான் பின்னர் பிரிட்டன் முழுவதற்குமான தேசிய மிதிவண்டிப் பாதைகளை உருவாக்கியது. அதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று: 2018இல் அவர்களே தங்கள் பாதைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ பாதி நீளம் தரக்குறைவாக இருக்கிறது என்று ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அமைத்த பாதையைப் பேணுவது அவர்களுக்கே அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது.

நம் நகரில் 2013 அக்டோபரில் கப்பன் பூங்காவில் தொடங்கிப் பல பகுதிகளுக்கும் பரவிய சைக்கிள் தினத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதைப்போல், இரு குழுவும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு ஞாயிறு சுற்று நாள் நடத்தலாம். பிள்ளைகள் ஒவ்வொருவரும், தாம் சுற்றும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து ரூபாய் தருவதாக தாத்தா, பாட்டி, மாமா, அத்தையிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வரட்டும். நடந்து சுற்றினாலும் மிதிவண்டியில் சுற்றினாலும் கணக்கு ஒன்றே, பெட்டியும் ஒன்றே. பனியன், பதக்கம் என்று செலவு செய்துவிடாதீர்கள். வசூலில் பெரும்பகுதியை அவை தின்றுவிடும். பொதுச்சாலையில் இறங்குவதாக இருந்தால் போக்குவரத்துக் காவல்துறையின் அனுமதியும் வேண்டும்.

இரு குழுக்களின் குறையும் பெரும்பாலும் பாதையின் அகலத்தால் வருவது. இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல் நடைபாதைக்கு மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது. அதைவிட அதிகம் இல்லாத கரையில், காலை நெரிசல் நேரத்தில் மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை. இதை மிதிவண்டிக் குழுவே முன்வந்து அறிவித்தால், பொது நிதிக்கு நடப்பவர்களும் மனம் திறந்து தருவார்கள்.

நுழைவுக் கட்டணம் வைத்தால் என்ன?
— வாசகர், கே.ஆர். புரம்

வேண்டாம். ஏரி எல்லோருக்கும் பொதுவானது. 2000களில் இந்நகரின் சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு, அதை எதிர்த்து மக்கள் உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தது. வீட்டுவேலை முடித்துக் கரையோரமாகக் குறுக்கே நடந்து வீடு திரும்பும் பெண்ணிடம் பத்து ரூபாய் கேட்கும் வாயிலை நாம் அமைக்கக் கூடாது.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் தமிழர்கள். கன்னடம், தெலுங்கு பேசும் அக்கம்பக்கத்தார் நன்கொடை தரத் தயங்குகிறார்கள். எப்படி அழைப்பது?
— வாசகர், அல்சூர்

உங்கள் துண்டறிக்கை எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்பும் ரசீதும் கன்னடத்தில் முதலாவதாகவும், தமிழும் பிறவும் அதன் கீழேயும் இருக்கட்டும். பொருளாளர் பொறுப்பைக் கன்னடம் பேசும் அண்டை வீட்டார் ஒருவரிடம் கொடுங்கள். பணப்பெட்டியின் சாவியை ஒப்படைப்பதைவிடத் தெளிவான அழைப்பு இருக்க முடியாது. அடுக்குமாடிகள் வருமுன்பே அந்த ஏரியில் மீன் பிடித்தவர்கள், துணி வெளுத்தவர்கள், மாடு மேய்த்தவர்களின் குடும்பங்கள் இன்னும் அருகிலேயே இருந்தால், அவர்களிடம் நன்கொடை கேட்பதற்கு முன் ஆலோசனை கேளுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஏறும், கரை எங்கே வலுவற்றது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதல் கூட்டத்தை உங்கள் சங்கக் கட்டடத்தில் வைக்காமல், பாதை அரித்துக் கிடக்கும் இடத்திலேயே காலை ஆறரை மணிக்கு வையுங்கள்.