டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்கு லீனியர் அல்ஜீப்ரா எவ்வளவு வேணும்?

செகண்ட் இயர் இன்ஜினியரிங் படிக்கிறேன், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் கணக்கு போட்டுடுவேன், ஆனா ஐகன்வேல்யூன்னாலே மனப்பாடம்தான், லீனியர் அல்ஜீப்ரா முழுசா படிக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. முழுசா வேணாம். ஐகன்வெக்டர் மட்டும் நல்லா மனசுல பதியணும்.

ரெண்டு ரூம், நடுவுல ஒரு சுவர்னு வச்சுக்கோங்க. வெளியில இருக்கறத விட முதல் ரூம் 10 டிகிரி சூடு, ரெண்டாவது ரூமும் வெளியும் ஒரே அளவு. ஒவ்வொரு ரூமும் வெளியிலயும் சூட்டை விடுது, சுவர் வழியா பக்கத்து ரூமுக்கும் விடுது, ரெண்டுக்கும் ரேட் மணிக்கு 1. வெளியை விட முதல் ரூம் எவ்வளவு சூடுங்கறது எக்ஸ், ரெண்டாவது ரூமுக்கு ஒய்னு வச்சுக்கோங்க. அப்போ முதல் ரூம் மாறுற வேகம் மைனஸ் 2 எக்ஸ் ப்ளஸ் ஒய், அடுத்தது எக்ஸ் மைனஸ் 2 ஒய். எக்ஸுக்கு ஒய் வேணும், ஒய்க்கு எக்ஸ் வேணும், இந்த சிக்கல்தான் தலைவலியே. இப்போ 10, 0ங்கறத 5, 5 ஒண்ணு, 5, மைனஸ் 5 ஒண்ணுன்னு பிரிங்க. ரெண்டு ரூமும் ஒரே சூடுன்னா சுவர் வழியா எதுவும் போகாது, வெளிய மட்டும்தான், அதனால அது மாறுற ரேட், அதாவது ஐகன்வேல்யூ, மைனஸ் 1. வித்தியாசம் மட்டும் இருந்தா சுவரும் சேந்து இழுக்கும், மைனஸ் 3. ஒரு மணி நேரத்துல அந்த 10 டிகிரி வித்தியாசம் அரை டிகிரி ஆயிடும், ஆனா சராசரி சூடு 5லேர்ந்து 1.8 வரைக்கும்தான் இறங்கும். சிக்கல் இல்லாம தனித்தனியா ஓடுற அந்த ரெண்டு திசைதான் ஐகன்வெக்டர், அவ்ளோதான்.

இன்னொரு விஷயம், ஆக்ஸிலரி ஈக்வேஷன்னு எம் ஸ்கொயர் ப்ளஸ் 3 எம் ப்ளஸ் 2 போட்டு மைனஸ் 1, மைனஸ் 2 எடுப்பீங்கல்ல, அந்த ஈக்வேஷன்ல வர்ற ஒய்யையும் அதோட டெரிவேட்டிவையும் ரெண்டு வேரியபிளா வச்சு மேட்ரிக்ஸ் எழுதிப் பாருங்க, ஐகன்வேல்யூவா அதே ரெண்டு நம்பர் வரும். இத்தனை நாளா அதைத்தான் போட்டுட்டு இருந்தீங்க, யாரும் பேர் சொல்லித் தரல! ரெண்டு ரூட்டும் ஒண்ணா வந்தா எக்ஸால (ரூம் சூடு இல்ல, ஒய் எதைப் பொறுத்து மாறுதோ அந்த எக்ஸ்) பெருக்கறோமே, அது இந்த மேட்ரிக்ஸுக்கு ஒரே ஒரு ஐகன்வெக்டர்தான் கிடைக்கும்ங்கறதால. எல்லா மேட்ரிக்ஸும் அப்படின்னு நினைச்சுடாதீங்க, ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ்ல 1 ரெண்டு தடவை வரும், திசை குறையாது.

லீனியர் இண்டிபெண்டன்ஸ், பேசிஸ், டயகனலைசேஷன், இது போதும். 4க்கு 4 டிடர்மினன்ட்டை கையால போடறது என்னைக் கேட்டா வேஸ்ட். எம்ஐடி 18.06 கோர்ஸ்ல 21லேர்ந்து 23 வரைக்கும் லெக்சர் ஃப்ரீயாவே இருக்கு, பாருங்க. அப்புறம் சுவரை கெட்டியாக்கி அந்த ரேட்டை மட்டும் 0.1 ஆக்கி நீங்களே போடுங்க, மைனஸ் 1, மைனஸ் 1.2 வந்தா சரி.