பாட்டியின் பொற்காசில் உள்ள வெட்டைச் சரி செய்யலாமா?

புதுக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாட்டியின் நகைப்பெட்டியில் ஒரு பொற்காசு இருந்தது. ஒரு பக்கம் ஓர் ஆணின் தலை, அதன் குறுக்கே ஆழமான வெட்டு. மறுபக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவில் கேடயங்கள். இது என்ன காசு? வெட்டை ஆசாரியிடம் கொடுத்து நிரப்பலாமா?"

நிரப்பவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசோடு பொருந்துகிறது. நிற்கும் இருவர் கையஸ், லூசியஸ். மகள் வயிற்றுப் பேரன்களான இவர்களை அகஸ்டஸ் தத்தெடுத்து வாரிசாக்கினார். கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள் தெரியும். மேலே கூர்ந்து பாருங்கள்: ஒரு சின்ன அகப்பை, ஒரு வளைந்த கோல். இரண்டும் பூசாரிகளின் கருவிகள். அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று ஊருக்கெல்லாம் காட்டிய காசு இது. ஆனால் கி.பி. 2இல் லூசியஸும் 4இல் கையஸும் இறந்துபோனார்கள். அந்தப் படத்தை என்னால் வருத்தமில்லாமல் பார்க்க முடிவதில்லை.

சரி, வெட்டு எப்படி வந்தது? 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் அரசர் தலையின் மேல் இப்படித்தான் உளியால் வெட்டியிருந்தது. இனிப் பணமாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்டுவதற்கான வெட்டு என ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதனால் அதை நிரப்பினால் காசின் கதையில் பாதி போய்விடும்.

அசலா என்று பார்க்க முதலில் எடை போடுங்கள். சுமார் 7.8 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்புறம் எழுத்து. தலையைச் சுற்றி லத்தீனில் 'சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை' என்றிருக்கும். அது வெறும் கோடும் புள்ளியுமாக இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் ரோமக் காசைப் பார்த்து அதே மாதிரி செய்த காசுகளும் உண்டு, அவற்றுக்கும் மதிப்பு உண்டு. விளிம்பைச் சுற்றி ஒட்டு போட்ட கோடு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

உரைகல்லில் உரசாதீர்கள். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். கொக்கி இருந்தால் அப்படியே இருக்கட்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம். நூறு ஆண்டு கடந்த பொருள் என்பதால் அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒருவேளை பாட்டி வீட்டு நிலத்தில் மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.