கந்தோர்க் களவும் கணக்காய்வும்: கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்புக் கம்பனிகளில் உள்ளகக் கணக்காய்வுப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மோசடியைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் பயிற்சி கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, வருசாவருசம் வெளியிலிருந்து ஓடிட் வருகிறது. காசாளர் நாலு வருசமாக எடுத்ததை அவர்கள் காணவே இல்லை. பிறகு எதற்கு அவ்வளவு காசு கொடுக்கிறோம்?

அவர்கள் கள்ளனைப் பிடிக்க வருவதில்லை. நிதிக்கூற்றில் பாரதூரமான பிழை இல்லை என்று நியாயமான உறுதி சொல்ல வருகிறார்கள், அவ்வளவுதான். மோசடியைத் தடுப்பதும் கண்டுபிடிப்பதும் முதலில் நிர்வாகத்தின் பொறுப்பு என்று இலங்கைக் கணக்காய்வு நியமம் 240 தெளிவாகவே சொல்கிறது. சந்தேகக் கண்ணோடு பார்க்கும் கடமை அவர்களுக்கும் உண்டுதான், ஆனால் கோடிக்கணக்கில் புரளும் இடத்தில் மாதம் முப்பதாயிரம் போனால் அவர்கள் பார்க்கும் அளவுக்கு அது மிகச் சிறியது. உங்கள் ஆட்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு இப்போதுதான் வந்தேன். முதலில் என்ன படிக்க வேண்டும்?

வகுப்புகளில் முதலில் வருவது டொனால்ட் கிரெஸியின் முக்கோணம். சிறையில் இருந்த கையாடல்காரர்களோடு பேசிப் பேசி அந்தக் குற்றவியலாளர் எழுதியதிலிருந்து வந்தது: வெளியில் சொல்ல முடியாத பண நெருக்கடி, எடுப்பதற்கு வாய்ப்பு, "கடன்தானே, திருப்பி வைப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லும் சமாதானம். மூன்றில் எங்கள் கைக்கு எட்டுவது வாய்ப்பு மட்டும்தான்.

படிப்பு அது. பயிற்சி வேறு. நான் கொடுக்கும் முதல் வேலை, எல்லாக் கையெழுத்தும் சரியாக இருக்கிற ஒரு வவுச்சர் கட்டு. கம்பனிக்குள் எழுதப்பட்ட எந்தக் கடதாசியையும் தொடாமல் இந்தச் செலவு உண்மையிலேயே நடந்தது என்று காட்டச் சொல்வேன். பாதிப் பேர் முழிப்பார்கள். பிறகு ஒருவர் சப்ளையருக்குப் போன் எடுப்பார், ஒருவர் பில்லில் இருக்கிற விலாசத்துக்குப் போய்ப் பார்ப்பார், ஒருவர் அந்த நாளில் கேட்டில் லொறி நம்பர் பதிந்திருக்கிறதா என்று செக்யூரிட்டி புத்தகத்தைக் கேட்பார் (அதுவும் உள்ளே எழுதியதுதான், ஆனாலும் கணக்குப் பகுதியின் கை படாதது என்பதால் விட்டுவிடுவேன்). களவெடுக்கிறவன் கோப்பை மற்றவர்களைவிட ஒழுங்காக வைத்திருப்பான், அதனால் கோப்பைச் சரிபார்க்க மட்டும் பழகிய ஆள் அவனுக்கு நல்ல வசதி.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். கடைகளில் காசு சேகரிக்கும் பையனில் சந்தேகம், ஆனால் பற்றுச்சீட்டுத் தொகையும் வங்கிக்குப் போன தொகையும் கடைசியில் சரியாக வருகிறது.

கடைசியில் சரியாக வருவதுதான் எனக்கு இடிக்கிறது. முதல் கடைக்காரரின் காசைச் செலவழித்துவிட்டு, இரண்டாவது கடைக்காரர் கட்டியதை முதலாமவர் பெயரில் போடுவார்கள், மூன்றாவதை இரண்டாமவர் பெயரில். இப்படியே உருட்டினால் மொத்தம் ஒரு நாளும் இடிக்காது. மொத்தத்தை விட்டுவிட்டு ஒரு நாளை எடுங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் 3ஆம் திகதி காசாக 40,000, காசோலையாக 60,000 என்று இருந்தால், வங்கி வைப்புச் சீட்டிலும் அதே பிரிப்பு இருக்க வேண்டும். அங்கே காசு 10,000, காசோலை 90,000 என்று இருந்தால் காசு முப்பதாயிரம் எங்கேயோ போய், வேறு யாருடையதோ காசோலை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் பாக்கி எவ்வளவு என்று கடைக்காரர்களிடம் நீங்களே நேரில் கேளுங்கள். அந்தப் பையனையே அனுப்பிக் கேட்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து, ஆளே இல்லாதவர்களுக்குச் சம்பளம் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே வங்கிக் கணக்குக்கு இரண்டு சம்பளம் போகிறதா, சேமலாப நிதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊழியரின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து போவதால் கள்ளப் பெயருக்கு அதைக் கட்டப் பலர் தயங்குவார்கள். அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு நாலு இலக்கம், மற்றது அதே முறை. ஆண் என்று பதிந்தவரின் அட்டையில் 612 என்று வந்தால் எழும்பிப் போய் ஆளைப் பாருங்கள். மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஒரு நாள் வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம், எல்லா ஆண்டையும் 366 நாளாகத்தான் எண்ணுவார்கள்.

பென்ஃபோர்ட் விதி என்று ஒன்று சொல்கிறார்களே?

இயல்பான தொகைகளில் 1 என்று தொடங்குவது சுமார் 30 வீதம், 9 என்று தொடங்குவது 5 வீதத்துக்கும் குறைவு. பெரிய பட்டியலில் எங்கே தோண்டலாம் என்று காட்டும், சாட்சியாகாது. மேலிடத்தைக் கேட்காமல் ஒருவர் அனுமதிக்கக்கூடிய எல்லை 50,000 என்றால் 49,000க்கும் 50,000க்கும் இடையில் எத்தனை பில் என்று வடிகட்டிப் பாருங்கள், எனக்கு அதில்தான் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

ஆள் யார் என்று கிட்டத்தட்டத் தெரியும். கூப்பிட்டுக் கேட்கலாமா?

கேட்காதீர்கள்! கேட்ட அன்று பின்னேரமே கோப்பு காணாமல் போகும். முதலில் மூலப் பிரதிகளைப் பூட்டுங்கள், சிசிடிவி பதிவு அழிவதற்கு முன் பிரதி எடுங்கள், கணினியை நீங்களே திறந்து நோண்ட வேண்டாம். எதை யார் எப்போது எடுத்தார் என்று எழுதிவையுங்கள், பிறகு பொலிசுக்கோ தொழில் நியாய சபைக்கோ போனால் அதைத்தான் கேட்பார்கள். அந்த ஆளோடு பேசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் தனியாக இருந்து வேண்டாம்.

எங்கள் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ACFE என்ற சர்வதேச மோசடி ஆய்வாளர் சங்கத்தின் 2024 அறிக்கையில் பிடிபட்டவற்றில் 43 வீதம் யாரோ சொன்னதால்தான் பிடிபட்டன, அதில் பாதிக்கு மேல் சொன்னது ஊழியர்கள். ஆக, பயிற்சியில் எக்செல்லுக்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை ஆட்களோடு பேசப் பழகுவதற்கும் கொடுங்கள். தகவல் போகும் இடம் கணக்குப் பகுதித் தலைவரின் மேசையாக இருக்கக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வழி வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் படிவம் வைத்துவிட்டுக் களஞ்சியத்திலிருந்து ஒன்றும் வரவில்லையே என்றால் எப்படி வரும்? 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது, தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பும் அதில் உண்டு. இதை நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

சின்னக் கம்பனி, மொத்தம் ஏழு பேர். இவ்வளவும் எங்களால் ஏலாது.

சரி, இரண்டு செய்யுங்கள். வங்கிக் கூற்று முதலாளியின் கைக்கு நேரே வரட்டும். காசு பார்ப்பவரை வருசத்தில் தொடர்ந்து இரண்டு கிழமை லீவில் அனுப்பிவிட்டு அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள், லீவிலிருந்து போன் பண்ணி வேலை செய்யவும் விடாதீர்கள். மூடி மறைக்க ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால்தான் உருட்டல் வெளியே வரும்.